மஞ்சள் நூல் என்றால் காலி

என் மாப்பிள்ளையை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கொத்துச்சாவி என்பார்கள். இடுப்பில் ஒரு இரும்பு வளையம், அதில் ஆறு பென்டிரைவ். நடக்கும்போது ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அவர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும், அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். பத்து வருடமாக அந்தச் சத்தம் ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எழுதப்படுவது அவளுடைய வீட்டுக்காரரைப் பற்றி என்பதால் அங்கங்கே பேனாவை நிறுத்திவிட்டு என்னை முறைக்கிறாள். முறைத்தாலும் நான் சொன்னதைத்தான் எழுதவேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டாகிவிட்டது.

அவர் இந்த வீட்டுக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். அங்கே இருந்த கம்ப்யூட்டர் ஒருநாள் கண் விழிக்க மறுத்தது. இவரைக் கூப்பிட்டார்கள். வந்தார், வளையத்திலிருந்து ஒன்றைக் கழற்றிச் செருகினார், எழுப்பினார், போய்விட்டார். அடுத்த வாரம் மறுபடி படுத்துக்கொண்டது. மறுபடி வந்தார். இப்படி ஒரே மாதத்தில் ஐந்து தடவை. ஐந்தாவது தடவை அவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், இதுக்கு வைத்தியம் தேவையில்ல. பின்னாடி ஒயர யாரோ கால்ல உருவி விட்டிருக்காங்க. அஞ்சு தடவையும் அதே கால்தான்னு நினைக்கிறேன்" என்றாராம். என் மகள் பல்வலிக்காரர்கள் எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளாம். இந்த இடத்தை எழுதமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுக்குப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் எழுத வைத்துவிட்டேன்.

பெண் கேட்டு வந்த அன்று அவரை முன்னறையில் உட்காரவைத்து, என்ன தொழில் என்று கேட்டேன். இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுதான் அத்தை."

இன்னும் நான் சரி என்றே சொல்லவில்லை, அதற்குள் அத்தை!

"இத வெச்சு என்ன செய்வீங்க?"

"தூங்கிட்டு எழுந்திருக்காத கம்ப்யூட்டர எழுப்புவேன்."

"அது கோழி செய்யுற வேலையாச்சே" என்றேன்.

வேறு யாராவது இருந்தால் முகம் சுருங்கியிருக்கும். இவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா அத்தை. ஆனா கோழி ஒரே மாதிரிதான் கூவும். நான் ஆறு மாதிரி கூவுவேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுப்பது எப்படி?

கல்யாணம் முடிந்து, எங்கள் வீட்டு முன்னறையே அவருடைய பட்டறை ஆயிற்று. சுவரோரம் நீளமாக ஒரு மேஜை, அதன்மேல் குடல் சரிந்த கம்ப்யூட்டர்கள். வேலைக்கு உட்கார்ந்தால் வளையத்தைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டுவார். அந்த ஆறும் எதற்கு என்று எனக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். கம்ப்யூட்டர் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ள அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு ஏற்பாடு உண்டாம். அந்த ஏற்பாடு கெட்டுப்போனால் உள்ளேயிருந்து எழுந்திருக்க முடியாது. அப்போது வெளியிலிருந்து ஒரு பென்டிரைவைச் செருகி, "இன்றைக்கு இதைப் பிடித்துக்கொண்டு எழுந்திரு" என்று சொல்லவேண்டும். அதையும் அது கண் விழிக்கிற அந்த ஒரு நொடிக்குள் சொல்லியாகவேண்டும். அதனால் பொத்தானை அழுத்தியதும் விசைப்பலகையில் ஒரே விசையை டொக்கு டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டே இருப்பார். நொடி தவறினால் அணைத்துவிட்டு மறுபடி. என் மகள் கோபம் வந்தால் அவரை மரங்கொத்தி என்பாள்.

அந்த ஆறிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தால் எனக்குப் படிக்கத் தெரியாதே. எழுத்து கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொன்னவர்கள் நிறையப் பேர், என் மகள் உட்பட. ஒருநாள் என் தையல் டப்பாவைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டினார். கறுப்பு, புதுக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றுவதற்கு. வெள்ளை, பழைய கம்ப்யூட்டருக்கு. பச்சை, இலவசமாகக் கிடைக்கிற இன்னொரு வகை மென்பொருளுக்கு. நீலம், நினைவுப் பகுதி பழுதா என்று சோதிக்க. சிவப்பு, வைத்தியர், எதையும் மாற்றாமல் உள்ளே போய்ப் பார்த்து, இருப்பதைக் காப்பாற்றி எடுத்து வருவது. மஞ்சள், காலி. அவசரத்துக்கு எதையாவது போட்டு வைக்க.

"மஞ்சள்னா காலி. மறந்துடாதீங்க அத்தை."

"நான் எதையும் மறக்கமாட்டேன், மாப்பிள்ளை. அதுதான் எனக்கு வியாதியே."

அதன்பிறகு அவர் வெளியே இருக்கும்போது வாடிக்கைக்காரர் வந்தால் போனில் சொல்வார்: "அத்தை, பச்சையக் கழட்டிக் குடுத்துடுங்க." நான் கொடுத்து அனுப்புவேன், திரும்பி வந்தால் வாங்கி மாட்டுவேன். தெருவில் இரண்டு பேர் என்னையும் கொத்துச்சாவிப் பாட்டி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை.

அவர் வேலை மெதுவாகத்தான் நடக்கும். யாருடைய கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக ஏற்றினாலும், முதலில் சிவப்பைச் செருகி, உள்ளே இருப்பதையெல்லாம் வேறொன்றில் எடுத்து வைப்பார். எடுத்து வைத்தால் போதாது. சொந்தக்காரரையே பக்கத்தில் உட்காரவைத்து, எடுத்ததிலிருந்து மூன்றைத் திறந்து பார்க்கச் சொல்வார். அவர்கள் வாயால் "சரியா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் துடைப்பார். "இவ்வளவு இழுக்கணுமா?" என்று வாடிக்கைக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். அவர் தலையை ஆட்டுவார், அதே நிதானத்தோடு செய்வார். அடுத்தவர் படங்களை அவர் தாமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று, "போச்சு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்கவே முடியாது. எவ்வளவு மோசமாக இருந்தாலும் "பார்க்கலாம்" என்பார். அந்தப் "பார்க்கலாம்" சொல்கிற தினுசில் இருந்தே எனக்கு நிலைமை தெரிந்துவிடும்.

இப்படிப்பட்டவர் கையில்தான் மாடி வீட்டுத் தையல்காரியின் காரியம் கெட்டது.

அந்தப் பெண் எங்களுக்கு மேல்தளத்தில் தனியாகக் குடியிருக்கிறாள். கிழிந்ததைத் தைத்து, நீளத்தைக் குறைத்து, அகலத்தைப் பிரித்து என்று எட்டு வருடம் ஓட்டியவள். அவளுக்கு முதன்முதலாக ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது. ஒரு மருத்துவமனையின் நர்சுகளுக்கு எல்லாம் புதுச் சீருடை. ஒன்பது அளவு. ஒவ்வொரு அளவுக்கும் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டை, பாக்கெட் என்று ஐந்து துண்டு. அத்தனை வரைபடத்தையும் இரண்டு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத் துணி வெட்டும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். நாலு தாண்டினால் அவர்கள் மேஜையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மேஜை போனால் தேதி போகும், தேதி போனால் சீருடையும் வேறு கைக்குப் போய்விடும்.

அன்று காலை எட்டரை மணிக்கு அவள் தன் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"அண்ணா, நேத்துலேர்ந்து எழுந்திருக்கவே மாட்டேங்குது. எழுப்புற ஃபைல நானே நெட்லேர்ந்து இறக்கி ஒரு பென்டிரைவ்ல போட்டுப் பார்த்தேன். அதையும் கண்டுக்கல."

மாப்பிள்ளை வாங்கிப் பார்த்தார். "இறக்கின ஃபைல அப்படியே காப்பி பண்ணிட்டியாம்மா?"

"ஆமா. வேற எப்படி?"

"துணிய மடிச்சுப் பைக்குள்ள வெச்சா சட்டை ஆகிடுமா? தைக்க வேணாமா? இதுவும் அப்படித்தான். அதுக்குன்னு ஒரு மென்பொருள் இருக்கு, அது வழியா எழுதினாத்தான் கம்ப்யூட்டர் இத ஒரு வாசல்னு நம்பும்."

"இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ஒரு ராத்திரி மிச்சம் ஆகியிருக்கும்ல" என்றாள் அவள். அழுகிற நிலையில் இருந்தாலும் வாய் குறையாது அவளுக்கு. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

சிவப்பைச் செருகினார். டொக்கு டொக்கு டொக்கு. எழுந்தது. வரைபடங்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன. வளையத்திலிருந்து மஞ்சளைக் கழற்றி அத்தனையையும் அதில் எடுத்தார். தம் கம்ப்யூட்டரில் செருகி அவளையே மூன்றைத் திறக்கச் சொன்னார். ஒரு கை, ஒரு கழுத்துப்பட்டை, ஒரு முன்பக்கம். "சரியா இருக்கு" என்றாள்.

"அப்ப இத நீயே கையில வெச்சுக்கோம்மா. நான் கம்ப்யூட்டரச் சரி பண்ணி வெக்கிறேன்."

"வேணாம்ணா, இங்கேயே இருக்கட்டும். என் ரூம்ல துணிக்குவியலுக்குள்ள போச்சுன்னா தேடவே முடியாது. மாதிரிச் சட்டைக்கு ஓரம் அடிக்கணும். மூணரைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அவள் மேலே போனாள். மாப்பிள்ளை மஞ்சளை மேஜையின் ஓரத்தில் வைத்து, யாரும் எடுத்துவிடக்கூடாது என்று, தேநீர் குடித்த டம்ளரை அதன்மேல் கவிழ்த்து வைத்தார்.

இங்கேதான் நான் வருகிறேன். நீங்களே சொல்லுங்கள், எச்சில் டம்ளர் ஒன்று மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தால் அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? எடுத்தேன். அடியில் மஞ்சள். எது எங்கே இருக்கவேண்டுமோ அது அங்கே இருக்கவேண்டும் என்பது என் வழக்கம். நூலைப் பார்த்து வளையத்தில் கோத்து ஆணியில் மாட்டினேன். டம்ளரைக் கழுவப் போனேன்.

அவர் அந்தப் பக்கம் கறுப்பை வைத்து வேலை ஆரம்பித்திருந்தார். அவள் கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற வட்டைத் துடைத்துப் புதிதாகப் பாகம் பிரித்துப் போட்டார். ஏற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிட்டது. கறுப்பில் இருந்தது எப்படியோ கெட்டுப்போயிருந்தது. அந்த இழவு அன்றைக்குத்தானா கெடவேண்டும்? சரி, இன்னொரு காலிப் பென்டிரைவில் புதிதாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவர் கம்ப்யூட்டரின் முன்பக்க ஓட்டைகள் இரண்டும் தேய்ந்து பிடிப்பில்லாமல் போனவை. அதனால் மேஜைக்கு அடியில் தலையை விட்டு, பின்பக்கமாகச் செருகுவதுதான் அவர் வழக்கம். உள்ளே இருந்தபடியே ஒரு கையை வெளியே நீட்டினார்.

"அத்தை, காலி ஒண்ணு எடுத்துத் தாங்க."

அவர் மனதில் இருந்தது இழுப்பறைக்குள் பிரிக்காமல் கிடந்த புதுப் பென்டிரைவ். மஞ்சள்தான் டம்ளருக்கு அடியில் இருக்கிறதே! என் மனதில் இருந்தது பத்து வருடப் பாடம். மஞ்சளைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் இருட்டில் தடவிச் செருகினார். வெளியே வந்து எழுத ஆரம்பித்தார். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரிதானா என்று அந்த மென்பொருள் ஒரு தடவை கேட்குமாம். கேட்டது. அதை வருடத்துக்கு எத்தனை நூறு தடவை பார்க்கிறவர் அவர்! சரி என்று தட்டிவிட்டார்.

கால் மணி நேரத்தில் எழுதி முடிந்தது. அவசரத்தில் நூலைக்கூடக் கவனிக்காமல் அதை உருவித் தையல்காரியின் கம்ப்யூட்டரில் செருகி எழுப்பினார். ஏற்றட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது. அந்த விசையை அழுத்துவதற்கு முன்னால், எதற்கும் மஞ்சளைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மேஜை ஓரத்தைப் பார்த்தார்.

"அத்தை, இங்க ஒரு டம்ளர் இருந்துச்சே?"

"கழுவி வெச்சாச்சு."

"அதுக்கு அடியில இருந்த மஞ்சள்?"

"வளையத்துல மாட்டினேன். அதத்தானே இப்ப காலின்னு கேட்டு வாங்கினீங்க!"

விசைப்பலகை மேலிருந்த அவர் கை மெதுவாக மேலே எழுந்தது. சுடுகிற பாத்திரத்தைத் தொடப்போன கைபோல. அப்படியே காற்றில் நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கம்ப்யூட்டரிலிருந்ததைத் துடைத்தாகிவிட்டது, மஞ்சளில் இருந்ததும் அழிந்துவிட்டது என்று எனக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"போச்சா மாப்பிள்ளை?"

"பார்க்கலாம் அத்தை."

அந்த மாதிரி "பார்க்கலாம்" அதற்கு முன் நான் கேட்டதில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? "மஞ்சள்னா காலின்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். அவர் "ஆமா அத்தை, நான்தான் சொன்னேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

முதல் காரியமாக இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்தார். இனி அந்த வட்டில் ஒரு எழுத்துகூடப் புதிதாக விழக்கூடாதாம். பிறகு எழுந்து மாடிக்குப் போனார். சொல்லாமல் மறைத்துவைத்து ஏதாவது செய்து பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு முழங்கால் இரண்டும் சரியில்லை. மாடிப்படி ஏறி ஒரு வருடம் ஆகியிருந்தது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினேன். நான் வாசலை எட்டியபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் தப்பும்மா. பார்க்காம அழிச்சுட்டேன்."

"குடுத்தது நான்" என்றேன் மூச்சு வாங்க. "டம்ளர எடுத்ததும் நான்தான். அவரு மேல ஒண்ணுமில்ல."

தையல்காரியின் உதடுகளுக்கு நடுவே நாலு குண்டூசி இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சில் குத்தினாள்.

"இப்ப நான் யாரத் திட்டணும்?" என்றாள். "ஒருத்தர ஒருத்தர் முந்திக்கிட்டு வந்து நிக்கிறீங்க. திட்டுறதுக்குக்கூட விடமாட்டீங்களா?"

பிறகு தரையில் விரித்திருந்த துணிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருடமாகப் பிறர் துணியில் கிழிசலைத் தேடிய கண்கள் எங்கேயும் பார்க்காமல் இருந்தன.

"மணி பதினொண்ணு" என்றார் மாப்பிள்ளை. "நாலுக்கு இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கும்மா. துடைச்ச வட்டுல மேல ரொம்பக் கொஞ்சம்தான் எழுதியிருக்கு. அடியில இருக்கறது இன்னும் அழிஞ்சிருக்காது. பேர் எழுதின அட்டையெல்லாம் போயிருக்கும். சரக்கு இருக்கும். நீ கீழ வந்து பக்கத்துல உட்காரணும்."

மூவரும் இறங்கினோம். இறங்குவது எனக்கு ஏறுவதைவிடக் கஷ்டம். அந்த அவசரத்திலும் அவர் எனக்கு முன்னால் ஒரு படி இறங்கி நின்று, நான் வந்த பிறகு அடுத்த படி இறங்கினார்.

சிவப்பைச் செருகி எழுப்பினார். அதற்குள் இருந்த ஒரு மென்பொருளை ஓடவிட்டார். அது வட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போய், படம் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் எடுத்துப் போடும். எடுத்ததை அதே வட்டில் போடக்கூடாது, வேறொன்றில் போடவேண்டும். இழுப்பறையிலிருந்து அந்தப் புதுப் பென்டிரைவை இந்தத் தடவை அவரே எழுந்துபோய் எடுத்தார். நான் என் கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போலக் கொடுமை வேறில்லை. சாப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை. மதியம் வீட்டுக்கு வந்த என் மகள் வாசலிலேயே நின்று, "என்ன, மூணு பேரும் அணை உடையப்போற மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். நான் சொன்னேன். "ஏம்மா, ஒரு டம்ளர் அங்க இருந்தா உனக்கு என்ன?" என்றாள். "ஒயர உருவினவ பேசாத" என்றேன். தையல்காரிக்கு அந்தக் கதை தெரியாது. மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அன்று அவள் முதல்முதலாகச் சிரித்தாள்.

கோடு மறுமுனைக்கு வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி. படங்கள் கிடைத்தன. ஐந்நூற்றுக்கு மேலே. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண்கள். அதில் வரைபடமும் உண்டு, அவள் எடுத்த போட்டோவும் உண்டு, பழைய ரசீதும் உண்டு, எங்கிருந்தோ வந்து சேர்ந்த பூனைப் படமும் உண்டு. நாற்பத்தைந்தைப் பொறுக்கி எடுத்து, இது இந்த அளவின் இந்தத் துண்டு என்று பெயர் போடவேண்டும்.

"பேரே இல்லாம எப்படி அத்தை..." என்று மாப்பிள்ளை வாக்கியத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தார். பார்த்த பிறகு அவருக்கே ஏதோ பட்டிருக்கவேண்டும்.

"பேர் இல்லன்னா என்ன?" என்றேன். "நான் எழுபது வருஷமா பேரப் படிச்சா எதையும் கண்டுபிடிச்சேன்? நாற்காலிய இன்னும் கிட்டப் போடுங்க."

அவர் ஒவ்வொன்றாகத் திறக்க, நான் சொன்னேன். கை. பின்பக்கம். இது பூனை, தள்ளுங்கள். பாக்கெட். இதுவும் கை. கழுத்துப்பட்டை. முன்பக்கத்துக்குக் கழுத்து இறக்கம் அதிகம், பின்பக்கத்துக்குக் குறைவு. இதைக் கண்டுபிடிக்க எழுத்து எதற்கு? நான் துண்டைச் சொல்ல, தையல்காரி அளவைச் சொன்னாள். தோள்பட்டையின் சரிவை ஒரு நொடி பார்த்தாலே போதும் அவளுக்கு. "மூணாவது அளவு. இது ஏழு. இது ஏழு இல்ல, எட்டு." மாப்பிள்ளை பெயர் தட்டினார். என் மகள் ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணினாள். நாங்கள் இரண்டு பேரும் போன வேகத்துக்கு அவர் விரல்கள் ஓடவில்லை.

"கொஞ்சம் மெதுவா அத்தை."

"மெதுவா செய்யுறது உங்க வேலை. எங்களுக்கு நாலு மணிக்குப் பட்டறை."

மூன்று மணிக்கு எண்ணிப் பார்த்தால் நாற்பத்துமூன்று. இரண்டு இல்லை. கடைசி அளவின் கையும், அதன் கழுத்துப்பட்டையும். அரைகுறையாக ஏற்றிய அந்தக் கொஞ்ச இடத்துக்கு அடியில் அவை நசுங்கிப்போயிருக்கும் என்றார் அவர். ஐந்நூறையும் மறுபடி ஓட்டிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

"விடுங்கண்ணா" என்றாள் தையல்காரி. எழுந்துபோய் மேலேயிருந்து பழைய செய்தித்தாளும் சாக்குக்கட்டியும் கொண்டுவந்தாள். எங்கள் முன்னறைத் தரையில் மண்டியிட்டு, எட்டாவது அளவைத் திரையில் பார்த்துக்கொண்டே, அதைவிட ஒரு விரல் அகலம் கூட்டி, கையையும் கழுத்துப்பட்டையையும் வரைந்தாள். ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. பத்து நிமிடம் ஆகியிருக்காது. நான் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தேன். என் வெட்டில் குறை சொல்ல அவளாலும் முடியவில்லை.

மாப்பிள்ளை புதுப் பென்டிரைவைக் கழற்றி, அவளை மறுபடி மூன்றைத் திறக்கச் சொன்னார். மணி மூன்றரை.

"இப்பவுமா அண்ணா?"

"இப்பத்தான்மா."

திறந்தாள். "சரியா இருக்கு" என்றாள். அதை அவர் மேஜைமேல் வைக்கவில்லை. அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். செய்தித்தாள் துண்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

மாப்பிள்ளை மஞ்சளைச் செருகி அவள் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்றினார். ஐந்தே காலுக்கு அவள் வந்தாள். வாசலில் நின்று செருப்பைக் கழற்றாமலே, "வாங்கிட்டாங்க" என்றாள். "பேப்பர்ல இருக்கற ரெண்டையும் அளந்து பார்த்தாங்க. இதுதான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சதவிட சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க. இதுக்கு நான் சந்தோஷப்படணுமா, ரெண்டு மாசம் வீணாக்கினேன்னு அழணுமா?"

அவள் போன பிறகு மாப்பிள்ளை வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மஞ்சள் நூலை மட்டும் விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு நூல்லதான் அத்தை. எது எதுன்னு சொல்லுது. உள்ள என்ன இருக்குன்னு சொல்லல. சரக்கு போட்ட பிறகும் மஞ்சள் காலின்னேதான் சொல்லிட்டிருக்கு."

"அத இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி மாடிப்படி ஏறினேன். தையல்காரியிடம் சீருடைத் துணியில் மிச்சம் கேட்டேன். எதற்கு என்று சொன்னேன். இருவரும் உட்கார்ந்து விரல் நீளத்துக்கு ஏழு குட்டி உறை தைத்தோம், ஒவ்வொன்றின் வாய்க்கும் ஒரு பொத்தான் வைத்து. நூல் அப்படியே இருக்கும். உள்ளே சரக்கு இருந்தால் பொத்தான் போட்டிருக்கும். காலி என்றால் திறந்திருக்கும். கண்ணால் பார்க்கவே வேண்டாம், மேஜைக்கு அடியில் இருட்டில் தடவினாலும் தெரியும். ஏழாவது உறை அந்தப் புதுப் பென்டிரைவுக்கு. அதற்கு ஆரஞ்சு நூல்.

அன்று மாலை அவர் வந்ததும் கொடுத்தேன். ஒவ்வொரு பொத்தானையும் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். பிறகு வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டி, முன்னறைக்குள்ளேயே இரண்டு எட்டு நடந்தார்.

சத்தம் வரவில்லை. உறை போட்டதில் ஒன்றோடொன்று மோதினாலும் மெத்தென்று போய்விட்டது.

"அத்தை, நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. பத்து வருடம் அந்தச் சத்தத்துக்குத்தான் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தையல் டப்பாவைத் திறந்து, அடியில் கிடந்த இரண்டு பித்தளைப் பொத்தான்களை எடுத்து அவரைக் குனியச் சொன்னேன். இடுப்பில் மாட்டியிருந்தபடியே வளையத்தில் கட்டிவிட்டேன்.

இப்போதும் தெருமுனையில் திரும்பும்போது கேட்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் மெல்லிய சத்தம்தான். தண்ணீர் வைக்க அது போதும். தேநீர் குடித்த டம்ளரை அவர் எங்கே கவிழ்த்து வைத்தாலும், அவரைக் கேட்காமல் நான் இப்போது எடுப்பதில்லை. அன்றைக்குத் தப்பு என்னுடையது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதையும் எழுதிக்கொள் மகளே.